லீக் ரெண்டும் சேரட்டும், நம்ம பங்கு விகிதம் என்ன?

நிதி நிறுவனங்கள் பற்றிப் போன மாசம் போட்ட வீடியோவுக்குக் கீழே, மயிலாப்பூர்லேர்ந்து ஒரு நண்பர் சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு கேள்வி கேட்டிருந்தார். "அண்ணா, ஐ.எஸ்.எல்., ஐ-லீக் ரெண்டையும் ஒரே குடைக்குள்ள கொண்டு வரணும்னு திரும்பத் திரும்பப் பேசறாங்க. சென்னையின் எஃப்.சி. ரசிகனா எனக்கு இது நல்லதா கெட்டதா? பணக் கணக்கா பார்த்துச் சொல்லுங்க."

நிறைய பேர் அதுக்குச் சிரிப்பு எமோஜி போட்டிருந்தீங்க. எனக்குச் சிரிப்பு வரலை. அந்தச் சேனலில் நான் பேசிய கேள்விகளிலேயே உருப்படியான கேள்வி அது. ரெண்டு நிறுவனம் சேரும்போது சின்னப் பங்குதாரர் என்ன ஆவார் என்பதுதானே நம்ம வேலையே? இங்கே பங்குதாரர் என்ற பெயர்கூட இல்லாத ஒருத்தர் கேட்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கால்பந்து பார்க்காதவங்களுக்கு முதலில் கொஞ்சம் பின்கதை. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 2010 டிசம்பர் 9 அன்று ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸுடன் ஒரு ஒப்பந்தம் போட்டது. 15 வருஷம், 700 கோடி ரூபாய். இந்திய கால்பந்தின் வணிக உரிமை மொத்தமும் அந்தப் பக்கம் போனது. அதிலிருந்து பிறந்ததுதான் 2014-ல் வந்த ஐ.எஸ்.எல். அதற்கு முன்னாலேயே, 2007 முதல், ஐ-லீக் என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மாதிரி நூறு வருஷப் பழைய கிளப்கள் அதில். ஆக ஒரே நாட்டில் ரெண்டு லீக். ஒன்றில் பணமும் டிவியும் நட்சத்திர முதலாளிகளும். இன்னொன்றில் வரலாறும் வறுமையும்.

நம்ம ஊரில் இந்தக் கதை இன்னும் சுவாரசியம். சென்னையின் எஃப்.சி.யைத் தெரியாதவர் கம்மி. அபிஷேக் பச்சன், தோனி, நீலச் சட்டை, 2015-லும் 2017-18-லும் கோப்பை. இன்னொரு சென்னை அணி இருந்தது ஞாபகம் இருக்கா? சென்னை சிட்டி எஃப்.சி. பெயர் சென்னை, கடைசியில் ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். 2018-19 ஐ-லீக் சாம்பியன். 2019 மார்ச்சில், கோவையில், சொந்த ரசிகர்கள் முன்னால், மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்துக் கோப்பை வாங்கினார்கள். அதே வருஷம் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் கிளப் வந்து 26 சதவீதப் பங்கு வாங்கியது. தமிழ்நாட்டுக் கால்பந்து கிளப்பில் ஐரோப்பிய முதலீடு. கனவு மாதிரி இருந்தது.

அதே 2019 அக்டோபரில் ஆசியக் கூட்டமைப்பின் ஒப்புதலோடு ஒரு வரைபடம் வந்தது. இனி ஐ.எஸ்.எல். தான் நாட்டின் முதல் லீக், ஐ-லீக் ரெண்டாம் இடம். 2022-23 சீசனில் தொடங்கி ஐ-லீக் சாம்பியன், நுழைவுக் கட்டணம் இல்லாமல் ஐ.எஸ்.எல்.லுக்குப் போகலாம். 2024-25-க்குள் மேலே ஏறுவது, கீழே இறங்குவது எல்லாம் முழுசாக வந்துவிடும்.

அந்தத் தேதிகளைக் கொஞ்சம் பாருங்க. சென்னை சிட்டி ஜெயித்தது 2019-ல். கதவு திறப்பது 2023-ல். முதல் லீக் சாம்பியன் என்று வாங்கிய கோப்பை ஏழு மாசத்தில் ரெண்டாம் லீக் கோப்பையாகிவிட்டது. 2020-21 சீசனோடு சென்னை சிட்டி ஐ-லீகிலிருந்தே காணாமல் போனது. அதற்கு வேற காரணங்களும் உண்டு, பணச் சிக்கல், நிர்வாகம் எல்லாம். ஆனா மேலே போகிற ஏணி அன்றைக்கே இருந்திருந்தால் ஒரு முதலீட்டாளர் எப்படி யோசித்திருப்பார், இல்லாதபோது எப்படி யோசிப்பார்? அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க.

பணக் கணக்கு கேட்டவருக்கு ஒரு பேங்க் உதாரணம் சொல்கிறேன். இணைப்பு என்ற வார்த்தை கேட்க இனிமையா இருக்கும். உள்ளே என்ன இருக்கு என்பது பங்கு விகிதத்தில்தான் தெரியும். 2020 ஏப்ரலில் அலகாபாத் பேங்க் நம்ம ராயப்பேட்டை தலைமையக இந்தியன் பேங்கோடு சேர்ந்தபோது, 1000 அலகாபாத் பங்குக்கு 115 இந்தியன் பேங்க் பங்கு கொடுத்தாங்க. கம்மியோ அதிகமோ, ஒரு எண் இருந்தது. அதே வருஷம் நவம்பரில் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் பேங்க் டி.பி.எஸ்.ஸோடு சேர்ந்தது. போட்ட டெபாசிட் பத்திரம். பங்கு வைத்திருந்தவங்களுக்கு? பூஜ்யம். மொத்தப் பங்கு மூலதனத்தையும் எழுதித் தள்ளிட்டாங்க. ரெண்டுக்கும் பெயர் இணைப்புதான்.

2019 கால்பந்து வரைபடத்தில் ஐ-லீக் கிளப்களுக்குக் கிடைத்தது முதல் வகையா ரெண்டாவது வகையா? நான் சொல்வேன், தள்ளி வைத்த தேதி போட்ட செக். செக் முழுசா பவுன்ஸ் ஆகலை, அதையும் சொல்லணும். 2022-23 சாம்பியன் பஞ்சாப் மேலே போனது. அடுத்த வருஷம் மொகமதன் ஸ்போர்ட்டிங் போனது. 2024-25 கோப்பை யாருக்கு என்று சர்ச்சில் பிரதர்ஸோடு வந்த வழக்கு சுவிட்சர்லாந்து விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், இன்டர் காஷி ஏறியது. ஏறும் பக்கம் ஒரு மாதிரி வேலை செய்கிறது. இறங்கும் பக்கம்? 2024-25 சீசன் முடிந்தது, கடைசி இடத்து அணியும் அங்கேயேதான் இருந்தது.

இதில் முதலாளிகள் பக்கமும் நியாயம் இருக்கு. வருஷா வருஷம் கோடிக்கணக்கில் கட்டணம் கட்டி, நஷ்டம் தாங்கி, ஒரு மோசமான சீசனால் டிவியில்லாத லீகுக்கு இறங்கினால் ஸ்பான்சர் ஓடிவிடுவார். யாரும் பணம் போடமாட்டாங்க என்பது அவங்க வாதம். சரி, இங்கிலாந்தில் என்ன செய்றாங்க? பிரீமியர் லீகிலிருந்து இறங்கும் கிளப்புக்கு மூன்று வருஷம் வரை ஒரு தொகை கொடுத்துத் தாங்கிப் பிடிக்கிறாங்க. வேலை போனவருக்கு எமர்ஜென்சி ஃபண்ட் மாதிரி. இங்கே அப்படி ஒரு நிதியை உருவாக்கலாம். ஏணியையே எடுத்துவிடுவது அதற்கு மாற்று இல்லை.

ஆனா இந்த விவாதம் எல்லாம் 2025-ல் காற்றில் பறந்தது. அந்த 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ல் முடியும் என்பது முதல் நாளிலிருந்தே எல்லாருக்கும் தெரியும். ஜூலை வரைக்கும் அடுத்து என்ன என்று முடிவாகலை. ஜூலை 11-ல் சீசனை நிறுத்தி வைப்பதாகக் கிளப்களுக்குத் தகவல் போனது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. அக்டோபரில் டெண்டர் விட்டாங்க. நவம்பர் 7-ல் பெட்டியைத் திறந்தால் ஒரு ஏலம்கூட இல்லை. ஒரு வழியா 2026 பிப்ரவரி 14-ல் 14 அணிகளோடு சீசன் தொடங்கியது, ஒவ்வொரு அணியும் மற்றதோடு ஒரே ஒரு தடவை மோதும் கணக்கில். மொத்தம் 91 ஆட்டம். முன்னாடி ஒரு அணிக்கு லீக் சுற்றில் 24 ஆட்டம், இப்போ 13. சொந்த மைதானத்தில் 12 பார்த்த இடத்தில் ஆறோ ஏழோ.

ஒரே கம்பெனி, ஒரே சம்பளம், ரிடையர்மென்ட் தேதி தெரியும், சேமிப்பு கிடையாது. இப்படி ஒருத்தர் என்னிடம் ஆலோசனைக்கு வந்தால் நான் என்ன திட்டுவேன் என்று உங்களுக்கே தெரியும். இங்கே அது ஒரு நாட்டின் கால்பந்து.

அதனால்தான் ரெண்டு லீகையும் ஒன்றாக விற்கணும், ஒரே வணிகக் கூட்டாளி வேணும் என்ற பேச்சு மறுபடி எழுந்திருக்கு. நான் அதற்கு ஆதரவு. தனித்தனியா விற்க இனி யாரிடமும் சரக்கு இல்லை. ஆனா ரசிகருக்கு இருக்கிற பயம் வேற, அது நியாயமான பயம். முதலாளிகளும் சம்மேளனமும் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால், மறுநாள் காலையில் என் கிளப் எந்த ஊரில் இருக்கும், என்ன பெயரில் இருக்கும்?

மிகைப்படுத்தலை. 2019-ல் புனே அணி போய் ஹைதராபாத் வந்தது. அதே வருஷம் டெல்லி டைனமோஸ் புவனேஸ்வரத்துக்கு மாறி ஒடிஷா எஃப்.சி. ஆனது. 2025-ல் அந்த ஹைதராபாத் அணியே டெல்லிக்குப் போய்விட்டது. அங்கே கேலரியில் தொண்டை கிழியக் கத்தினவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? கொல்கத்தாவில் 2020-ல் மோகன் பகான் கால்பந்துப் பிரிவில் 80 சதவீதத்தை ஒரு குழுமம் வாங்கி, பெயருக்கு முன்னால் ஏ.டி.கே. சேர்த்தது. ரசிகர்கள் விடலை. மூன்று வருஷம் விடாமல் எதிர்த்தாங்க. 2023-ல் கோப்பை வாங்கிய கையோடு அந்த மூன்று எழுத்தை எடுப்பதாக முதலாளியே அறிவித்தார். கொல்கத்தாவில் முடிந்தது, ஏன்னா அங்கே கூட்டம் பெரிசு. பன்னிரண்டு வருஷக் கிளப்பை வைத்திருக்கும் நாம அவ்வளவு சத்தம் போட முடியுமா, சந்தேகம்தான்.

ஒரு லிஸ்டட் கம்பெனியில் யாராவது 25 சதவீதம் வாங்கினால், செபி விதிப்படி மற்ற பங்குதாரர்களிடமிருந்தும் குறைந்தது 26 சதவீதம் வாங்க ஓப்பன் ஆஃபர் கொடுக்கணும். பிடிக்கலைன்னா விற்றுவிட்டு வெளியே வரலாம். பத்து பங்கு வைத்திருக்கும் மாமிக்கும் அந்த வாசல் உண்டு. பத்து வருஷமா டிக்கெட் வாங்கியவருக்கு எந்த வாசலும் இல்லை.

இதுக்கு ஜெர்மனியில் ஒரு வழி வைத்திருக்காங்க. கிளப் உறுப்பினர்கள் கையில் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் இருக்கணும், 50+1 என்பாங்க. அங்கே லீகின் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்குக் கொடுக்க முயன்றபோது, ரசிகர்கள் வாரா வாரம் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை எறிந்து ஆட்டத்தையே நிறுத்தினாங்க. 2024 பிப்ரவரியில் லீக் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

அதெல்லாம் ஜெர்மனி, நமக்கு ஒத்துவராது என்று சொல்லாதீங்க. மயிலாப்பூரில் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872-லேயே தொடங்கியாச்சு. நிதி நிறுவனத்தின் அடிப்படையே என்ன? டெபாசிட் போடறவர் முதலில் உறுப்பினர் ஆகணும், நூறு ரூபாய்க்காவது பங்கு வாங்கணும். ஒருத்தர் எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் 5 சதவீதத்துக்கு மேல் ஓட்டு கிடையாது. பணம் போடறவருக்கு ஒரு குரல், பெரிய கைக்கு ஒரு கட்டுப்பாடு. ஜெர்மன்காரர் கால்பந்துக்குச் செய்ததை நம்ம தாத்தாக்கள் வட்டிக் கணக்குக்கு எப்போதோ செய்தாச்சு. எல்லா நிதியும் யோக்கியம் என்று சொல்ல வரலை, அது தெரியும் உங்களுக்கு. அமைப்பைச் சொல்றேன்.

கிளப்பில் பாதி கொடுங்க என்று நான் கேட்கலை. கிளப்பின் பெயர், நிறம், ஊர் இந்த மூன்றையும் மாற்றணும்னா சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களிடம் ஒரு வாக்கெடுப்பு. புதுக் கூட்டு ஒப்பந்தத்தில் அது ஒரு பக்கத்தில் எழுதப்படணும். ஒரு ரூபாய் செலவில்லாத விஷயம். கூடவே, மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் எந்தச் சீசன் என்று தேதியோடு, மீறினால் என்ன அபராதம் என்பதோடு எழுதணும். அபராதம் இல்லாத தேதி வெறும் காலண்டர்.

இனி உங்க பர்ஸ். தி.நகரில் நகைச்சீட்டு கட்டுறீங்க இல்லையா, பதினோரு மாசத்தில் ஏன் முடிக்கிறாங்க தெரியுமா? முன்பணமாக வாங்கியதற்கு 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிடணும், தாண்டினால் அது டெபாசிட் கணக்கில் வந்துவிடும். சீசன் டிக்கெட்டும் முன்பணம்தான். பன்னிரண்டு ஆட்டத்துக்கு வாங்கிய பணத்துக்கு ஆறு ஆட்டம் கொடுத்தால் மீதி என்ன ஆகும் என்று டிக்கெட் வாங்கும்போது நம்மில் எத்தனை பேர் அந்தப் பொடி எழுத்தைப் படித்தோம்? நான் படிச்சதில்லை. 2015 வெள்ளத்தில் சென்னையின் எஃப்.சி.யின் அரையிறுதி சொந்த ஆட்டமே புனேவுக்குப் போனது. அது இயற்கை, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனா அந்த மாதிரி நாளில் டிக்கெட் விதி என்ன சொல்லுது என்று அன்றைக்கும் நான் பார்க்கலை.

ஆகவே நண்பரே, சீசன் டிக்கெட்டை எஸ்.ஐ.பி. பக்கத்தில் வைக்காதீங்க, அது கச்சேரி சீசன் டிக்கெட் மாதிரி செலவு. மனசுக்கு நிறைவான செலவு. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி பூங்கா நகரில் இறங்கி, பெரியமேடு வரைக்கும் நீலச் சட்டைக் கூட்டத்தோடு நடக்கிற அந்தப் பத்து நிமிஷத்துக்கு நான் விலை போடமாட்டேன். ஆனா பணம் கட்டுவதற்கு முன்னால் கிளப்புக்கு ஒரு மெயில் போடுங்க: ஆட்டங்கள் குறைந்தால் பணம் திரும்ப வருமா, அணி ஊர் மாறினால் வருமா, எத்தனை நாளில்? அடையாறிலிருந்தும் தி.நகரிலிருந்தும் பார்க்கிறவங்க நூறு பேர் இதே மெயிலைப் போட்டால் யாராவது ஒருத்தர் பதில் எழுதித்தான் ஆகணும். வந்த பதிலைக் கமெண்டில் போடுங்க. அடுத்த வீடியோவில் அதை வரி வரியா சேர்ந்து படிப்போம்.