ஒலிநாடாவும் ஒரு சுவடியே

ஏட்டுச்சுவடிகளைக் கறையானுக்கு இரையாக்கியவர்களையும் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டவர்களையும் நாம் வகுப்பறையில் ஆண்டுதோறும் கடிந்துரைக்கிறோம். அவ்வகுப்பறைக்கு அடுத்த அறையில், துறை அலமாரியின் அடித்தட்டில், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நாட்டுப்புறப் பாடல் ஆய்வுக்காக ஊர் ஊராகச் சென்று பதிந்த ஒலிநாடாக்கள் பூஞ்சை பூத்துக் கிடக்கின்றன. பாடிய மூதாட்டியர் பலர் இன்று இல்லை. அவர்தம் குரல் அந்த அலமாரியில் மட்டுமே இருக்கிறது.

பாடல்கள்தாம் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஏறிவிட்டனவே, நாடா எதற்கு என்று கேட்போர் உண்டு. பின்னிணைப்பில் இருப்பது சொல் மட்டுமே. தாலாட்டின் இழுவை எவ்வளவு நீண்டது, ஒப்பாரியில் எவ்விடத்தில் மூச்சு முட்டிக் குரல் நின்றது, அவ்வட்டாரத்து நாவில் ழகரம் என்னவாயிற்று என்பவற்றைத் தாள் சொல்லாது. எழுத்துகள் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் கூறப் பிறப்பியல் என்று தனி இயலே வகுத்தவர் தொல்காப்பியர். அவர் வழிவந்த நாம் ஒலியைச் சொல்லின் உமியாகக் கருதுவது முறையன்று.

நாடா என்பது மெல்லிய நெகிழிப் படலத்தின்மேல் பசையால் பிணைத்த காந்தத் துகள். பசை தளர்ந்தால் துகள் உதிரும். துகளோடு குரலும் உதிரும். நாடா தாங்கினாலும் அதை ஓட்டும் கருவியும் உதிரிப்பாகங்களும் கிடைப்பது அருகிவிட்டது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இல் வெளியிட்ட அறிக்கை, காந்த நாடாக்களைக் காப்பாற்ற 2025ஐ எல்லையாகக் குறித்தது. அந்த ஆண்டும் வந்துவிட்டது.

கணினிக்கு மாற்றுவது அரிய வித்தையன்று. பொறுமை வேண்டும் வேலை. நல்ல நிலையிலுள்ள ஒரு கேசட் கருவி, அதைக் கணினியோடு இணைக்கும் ஒரு கம்பி, விலையின்றிக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள் ஆகியவை போதும். 90 நிமிட நாடாவுக்கு 90 நிமிடம் உட்கார வேண்டும். 100 நாடாக்களுக்கு 150 மணி நேரம். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கினால் ஐம்பதே நாள். பூஞ்சை பிடித்த நாடாவை மட்டும் அப்படியே ஓட்டலாகாது. அது கருவியையும் கெடுத்து, அடுத்து வரும் நாடாவையும் கெடுக்கும். தூய்மை செய்யத் தெரிந்தவரிடம் முதலில் காட்ட வேண்டும்.

நாம் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. மாற்றும்போதே இரைச்சலை நீக்கி, இருமலை வெட்டி, ஒலியை ‘அழகுபடுத்தும்’ ஆசை பலருக்கு வருகிறது. அதை அடக்க வேண்டும். நாடாவின் இரைச்சலும் சகரத்தின் உரசலொலியும் ஏறத்தாழ ஒரே அதிர்வெண்களில் வாழ்பவை; ஒன்றைத் துடைத்தால் மற்றொன்றும் தேயும். கிடைத்த பாடபேதங்களை மறைக்காமல் அடிக்குறிப்பில் தந்த உ.வே.சாமிநாதையரின் நெறி இங்கும் பொருந்தும். முதற்படி உள்ளது உள்ளபடி, சுருக்கப்படாத வேவ் கோப்பாக, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கட்டும். துடைப்பதும் எம்பி3 ஆக்குவதும் மறுபடியில் நிகழட்டும்.

அதனினும் முதன்மையானது பெயர். பாடியவர், ஊர், நாள், பதிந்தவர் ஆகிய நான்கும் இல்லாத கோப்பு, முதலும் கடையும் முறிந்த சுவடிக்கு ஒப்பானது. பதிந்த ஆய்வாளர்கள் இன்று ஓய்வு பெற்றிருப்பர். அவர்களை அழைத்துவந்து கேட்கச் செய்தால் பல குரல்களுக்குப் பெயர் கிடைக்கும். இன்னும் பத்தாண்டு கழித்து யாரைக் கேட்பது? ஒரு படி பாடியவரின் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர வேண்டும்; முதல் உரிமை அவர்களுடையது.

சுவடி தேடியவர்கள் ஊர் ஊராக அலைந்தனர். நமக்கு அந்த அலைச்சலும் இல்லை. அலமாரிச் சாவி துறையிலேயே இருக்கிறது. வரும் கோடை விடுமுறையில் ஒரு தட்டையேனும் காலி செய்வோம்.