கடையை மூடிவிட்டுக் காதலா?

ஒருவரின் பிழைப்பைக் கெடுத்தவன், பின்னர் அவரிடமே வந்து அன்பையும் கேட்டுப் பெற்றுச் செல்லலாமா? 1998-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'யூவ் காட் மெயில்' என்னும் திரைப்படம் இக்கேள்விக்குத் தயக்கமின்றி விடை சொல்கிறது: செல்லலாம், மலர்க்கொத்து ஒன்றைக் கையில் எடுத்துச் சென்றால் போதும். அவ்விடையை ஏற்றுக் கண்கலங்கியவர்கள் எத்தனையோ பேர். உலகெங்கும் ஓடி, ஏறத்தாழ 25 கோடி டாலர் ஈட்டிய படம் அது. இன்றும் அதனை இனிமையான படம் என்கிறார்கள். பழைய படம் ஒன்றுக்குச் செலுத்தப்பட்ட அஞ்சலி என்றும் எழுதுகிறார்கள். அஞ்சலி என்ற சொல் பொருத்தமானதே. உயிரோடிருப்பவர்க்கு நாம் அஞ்சலி செலுத்துவதில்லை அல்லவா?

அந்தப் பழைய படம் 'தி ஷாப் அரவுண்ட் த கார்னர்'. தெருமுனைக் கடை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். மிக்லோஷ் லாஸ்லோ என்னும் ஹங்கேரிய எழுத்தாளரின் 1937-ஆம் ஆண்டு நாடகத்தைத் தழுவி, சாம்சன் ராஃபேல்சன் திரைக்கதை அமைக்க, எர்ன்ஸ்ட் லூபிட்ச் இயக்கி 1940-இல் வெளியானது. புடாபெஸ்ட் நகரில் மத்துசெக் என்பவர் நடத்தும் கடை. தோற்பைகளும் பரிசுப்பொருள்களும் விற்பனைக்கு. தலைமைச் சிப்பந்தி கிராலிக்காக ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும், வேலை தேடி வந்து சேரும் கிளாராவாக மார்கரெட் சல்லவனும் நடித்தார்கள். கடைக்குள் இருவருக்கும் எந்நேரமும் பூசல். ஆயின், பெயர் தெரியாமல் முகமறியாமல் கடிதங்களின் வழியே ஒருவரை ஒருவர் நேசித்துக்கொண்டிருப்பவர்களும் இவர்களே. கதையின் முடிச்சு இவ்வளவுதான்.

முடிச்சை மட்டும் பார்ப்பவர்கள் இதனை ஒரு வேடிக்கைக் கதை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அம்முடிச்சுக்கு அடியில் ஓடுவது வேலை போய்விடுமோ என்னும் அச்சம். லூபிட்சின் தந்தை பெர்லின் நகரில் தையற்கடை நடத்தியவர். மகனும் இளமையில் அக்கடையில் வேலை பார்த்தவர். கடையின் உள்வாழ்வு அவர் ஏட்டில் படித்தறிந்ததன்று. படம் தொடங்கும்போதே, முதலாளி வந்து கதவைத் திறப்பதற்காகச் சிப்பந்திகள் வாயிலில் காத்து நிற்கிறார்கள். முதலாளி 'உண்மையான கருத்தைச் சொல்' என்று யாரையேனும் கேட்கத் தொடங்கினால் போதும், பிரோவிச் என்னும் முதிய சிப்பந்தி ஓசைப்படாமல் படியேறி மறைந்துவிடுவார். அவருக்கு மனைவி மக்கள் உண்டு. கருத்து வைத்துக்கொள்ளும் வசதி இல்லை. ஏதேனும் ஒரு கடையில் நின்று சம்பளம் வாங்கியவர் எவரும் அந்த இடத்தில் சிரிக்காமல் இருக்க மாட்டார். சிரித்தபின் சற்று மௌனமாகவும் இருப்பார்.

கிளாரா எப்படி வேலை பெறுகிறாள்? மூடியைத் திறந்தால் இசை ஒலிக்கும் சிகரெட் பெட்டி ஒன்றை, விலைபோகாது என்று கிராலிக் ஒதுக்கிய அதே பெட்டியை, மிட்டாய்ப் பெட்டி என்று சொல்லி ஓர் அம்மையாரிடம் விற்றுக் காட்டுகிறாள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒலிக்கும் இசை, மிட்டாயை அளவோடு உண்ணும்படி நினைவூட்டுமாம்! வேலையில்லாத ஒருத்தியின் மூளை அந்நொடியில் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது! வயிற்றுக்கவலை கொடுத்த வேகம் அது. கிராலிக் மணம் செய்துகொள்ள எண்ணும்போது முதலில் நாடுவது பிரோவிச்சின் கணக்கைத்தான். சிறிய வீடு போதுமா, விருந்தினர் வந்தால் என் செய்வது என்று கேட்கிறான். உண்மையான நண்பன் உணவு வேளை கழிந்தபின்பே வருவான் என்பது அந்த அனுபவசாலியின் விடை.

காதலர் இருவரும் தேநீர் விடுதியில் முதன்முதலாகச் சந்திக்கக் குறித்த நாளிலேயே கிராலிக்கின் வேலை போகிறது. தம் மனைவியோடு கள்ள உறவு கொண்டவன் இவனே என்று முதலாளி தவறாக ஐயுற்றதன் விளைவு அது. வேலையிழந்தவன் எந்த முகத்தோடு காதலியைக் காண்பான்? தான் போகாமல் ஒரு சீட்டை எழுதி பிரோவிச்சிடம் கொடுத்தனுப்ப முற்படுகிறான். பிரோவிச் கண்ணாடிச் சன்னல் வழியே எட்டிப் பார்த்து, உள்ளே அமர்ந்திருப்பவள் கிளாரா என்று சொன்ன பிறகே அவனுக்கு உண்மை விளங்குகிறது. அவளோ, வராதவனுக்காக ஏங்கி, பின்னொரு நாள் அஞ்சல் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவுகிறாள். கையுறை அணிந்த கை, வெற்றுப் பெட்டி, அதன் பின்னே வாடும் முகம். காதலும் வேலையும் இப்படத்தில் ஒரே இழையாக முறுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றைப் பிரித்தால் மற்றொன்று நில்லாது.

இக்கதையை 1949-இல் ஜூடி கார்லண்டையும் வான் ஜான்சனையும் வைத்து 'இன் த குட் ஓல்ட் சம்மர்டைம்' என்று இசைப்படமாக்கினார்கள். ஊர் சிகாகோவாயிற்று, தோற்பைகளுக்குப் பதில் இசைக்கருவிகள் வந்தன. 1963-இல் 'ஷி லவ்ஸ் மி' என்ற பெயரில் மேடை இசைநாடகமும் ஆயிற்று. ஊரையும் சரக்கையும் மாற்றியவர்கள் ஒன்றை மட்டும் மாற்றவில்லை. காதலர் இருவரும் சம்பளத்துக்கு உழைக்கும் சிப்பந்திகளாகவே இருந்தார்கள்.

அதனை மாற்றியது 1998-ஆம் ஆண்டுப் படமே. நோரா எஃப்ரான் தம் சகோதரி டெலியாவுடன் எழுதி இயக்கியது. கடிதம் போய் மின்னஞ்சல் வந்ததைப் பற்றி அக்காலத்தில் பெரிதாகப் பேசினார்கள். அது வெறும் உறை மாற்றம். டாம் ஹாங்க்ஸ் நடித்த ஜோ ஃபாக்ஸ், நாடெங்கும் கிளைபரப்பிய பெரும் புத்தக நிறுவனத்தின் வாரிசு. மெக் ரயன் நடித்த காத்லீன் கெல்லி, தாய் விட்டுச்சென்ற குழந்தைப் புத்தகக் கடையை நியூயார்க்கின் மேற்குப் பகுதியில் நடத்துபவள். ஜோ அதே பகுதியில் தன் பெருங்கடையைத் திறக்கிறான். தள்ளுபடி விலை, சாய்வு நாற்காலி, காப்பி. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் நடந்த சிறுகடை சில மாதங்களில் மூடப்படுகிறது. மூடச் செய்தவனே முகமறியா நண்பன் என்பதை அவளைத் தவிர எல்லாரும் அறிவோம். இறுதியில் பூங்காவில் அவன் தோன்ற, அவள் கண்ணீர் மல்க ஏற்றுக்கொள்கிறாள்.

மூடப்படும் அச்சிறுகடைக்கு எஃப்ரான் இட்ட பெயர் என்ன தெரியுமா? 'தி ஷாப் அரவுண்ட் த கார்னர்'! மூலப்படத்தின் பெயரையே பலகையில் எழுதி மாட்டி, பின்னர் தம் கதாநாயகனைக் கொண்டே அதனை இறக்கச் செய்கிறார்.

நம் எதிர்த்தரப்பினர் இங்கே குறுக்கிட்டு, கிராலிக்கும் உண்மையை மறைத்தவன்தானே, அவனும் முடிவில் கடையின் மேலாளனாகிக் கிளாராவுக்கு மேலே அமர்ந்தவன்தானே என்பார்கள். மெய்தான். இதனை நாம் மறைக்கப் போவதில்லை. கிராலிக் உண்மையை அறிந்தபின் கிளாராவைச் சற்று நீளமாகவே விளையாட்டுக் காட்டுகிறான். அது நமக்கு உவப்பாகவும் இல்லை. ஆனால் மேலாளனும் மறுநாள் காலையில் வேலை போகக்கூடிய சம்பளக்காரனே. அவன் மறைத்ததனால் கிளாராவின் சோற்றில் ஒரு பருக்கையும் குறையவில்லை. ஜோவோ, இழந்தவள் யார், இழக்கச் செய்தவன் யார் என்பதை அறிந்த நிலையில், அவளுடைய நட்பை வாரக்கணக்கில் பக்குவப்படுத்துகிறான். சந்திக்க வருவதாகச் சொல்லி வராத நண்பனை மன்னிக்கும் நீ, கடையை மூடச் செய்த இந்தச் சிறு விஷயத்துக்காக என்னை மன்னிக்கலாகாதா என்ற பொருள்பட ஒரு கேள்வியும் கேட்கிறான். சிறு விஷயமாம்! அவன் வேடிக்கையாகச் சொன்னான் என்பது விடையாகாது. படம் முழுவதும் அவ்வேடிக்கையைத்தான் நியாயமாகக் கொண்டு நடக்கிறது.

இன்னும் நுட்பமான வாதம் ஒன்று உண்டு. பழைய படத்தில் கிளாரா அடையாளத்துக்காக விடுதிக்கு எடுத்துச் செல்வது டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'. புதிய படத்தில் காத்லீன் எடுத்துச் செல்வது ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'. செருக்குற்ற செல்வன் டார்சியை முதலில் வெறுத்த எலிசபெத், பின்னர் அவனை ஏற்கவில்லையா? ஜோவும் ஒரு டார்சியே என்பது எஃப்ரான் நமக்குக் காட்டும் குறிப்பு. நல்லது, ஆஸ்டினைத் துணைக்கு அழைத்தவர் ஆஸ்டினின் கணக்கையும் முழுமையாக எழுதியிருக்க வேண்டும். எலிசபெத்தின் தமக்கைக்கும் பிங்லிக்கும் இடையே வளர்ந்த அன்பைக் கெடுத்தவன் டார்சி. ஆனால் அவன் அத்தவற்றைத் தானே பிங்லியிடம் ஒப்புக்கொண்டு, கெடுத்ததைக் கூட்டிவைக்கிறான். எலிசபெத்தின் தங்கை ஒரு கயவனோடு ஓடிப்போனபோது, லண்டனில் தேடியலைந்து, தன் பணத்தைக் கொடுத்து, அக்குடும்பத்தின் மானத்தைக் காக்கிறான். அதனையும் எலிசபெத்துக்குத் தெரியாமல் செய்கிறான். பிறர் வாயிலாக அறிந்த பிறகே அவள் உள்ளம் அவன்பால் முழுமையாகச் சாய்கிறது. ஜோ ஃபாக்ஸ் எதனைச் செப்பம் செய்தான்? கடையைத் திருப்பித் தந்தானா? வாடகையேனும் கொடுத்தானா? காத்லீன் சளி பிடித்துப் படுத்திருந்தபோது வெண்ணிறப் பூக்கள் கொண்டுவந்தான். டார்சியின் பெயரைச் சொல்ல அது போதாது.

'காலம் மாறுகிறது, பெரிய கடைகள் சிறிய கடைகளை விழுங்கியது உண்மை, அவ்வுண்மையைத்தானே அவர் காட்டினார்' என்பர் வேறு சிலர். உண்மையைக் காட்டியதில் நமக்கு வழக்கில்லை. படத்தின் கதை நடக்கும் அதே பகுதியில், பிராட்வே வீதியில் ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி என்னும் புத்தகக் கடை, அருகே பார்ன்ஸ் அண்ட் நோபிள் நிறுவனத்தின் பெருங்கடை வந்தபின், 1996-இல் மூடப்பட்டது. அக்கடையை மூடியவர்களின் துயரம் மெய்யானது. அதைக் காட்டிவிட்டு, உடனே அதன்மேல் திருமணப் பந்தல் போடுவதே நாம் ஏற்க மறுப்பது. காலத்தின் தீர்ப்பு என்று படம் தலைவணங்கிய அப்பெருங்கடைகளின் கதியும் தெரிந்ததே. அமெரிக்காவின் இரண்டாவது பெரிய புத்தகக் கடை நிறுவனமான பார்டர்ஸ், படம் வந்த பதின்மூன்றாம் ஆண்டில், 2011-இல் திவாலாகி எல்லாக் கடைகளையும் மூடியது. எது விதி என்று காத்லீனைப் பணியச் சொன்னார்களோ, அது ஒரு தலைமுறைகூட நிலைக்கவில்லை.

கடையில் வேலை பார்த்தவர்களை எஃப்ரான் என்ன செய்தார் என்பதையும் கேட்க வேண்டும். முதிய பெர்டிக்குப் பங்குச்சந்தையில் முன்பே வாங்கிவைத்த செல்வம் இருக்கிறது. ஜார்ஜ், ஃபாக்ஸ் நிறுவனத்திலேயே குழந்தைப் புத்தகப் பிரிவில் அமர்ந்துவிடுகிறான். காத்லீன் எழுத்தாளராகிறாள். எவருக்கும் காயமில்லாத கொலை! லூபிட்சின் படத்தில், மனைவியின் வஞ்சகத்தை அறிந்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற மத்துசெக், தேறியெழுந்து, கிறிஸ்துமஸ் முன்னிரவில் கொட்டும் பனியில் நிற்கிறார். சிப்பந்திகள் ஒவ்வொருவரையும், இன்றிரவு எங்கே உணவு என்று கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் போக ஓர் இடம் இருக்கிறது. கடைசியாகப் புதிதாகச் சேர்ந்த ஏவற்பையன் ருடி. ஊரில் அவனுக்கு யாருமில்லை. முதலாளியும் பையனுமாக வாத்து வறுவல் உண்ணப் போகிறார்கள். முதலாளியிடமும் லூபிட்சுக்கு இரக்கம் உண்டு. அந்த முதலாளி தம் பிழையை உணர்ந்து, அநியாயமாய் நீக்கியவனை அழைத்துக் கடைச் சாவியை அவன் கையில் கொடுத்தபின் பிறந்த இரக்கம் அது.

எஃப்ரான் திறமையற்றவர் என்று நாம் சொல்லவில்லை. அவருடைய படத்திலும் லூபிட்ச் வந்து தலையைத் தடவிக்கொடுக்கக்கூடிய காட்சி ஒன்று இருக்கிறது. கடையை மூடியபின் காத்லீன் ஒருநாள் ஃபாக்ஸ் பெருங்கடைக்குள் நுழைந்து, குழந்தைப் புத்தகப் பிரிவில் அமர்ந்திருக்கிறாள். ஒரு பெண் வந்து, 'ஷூஸ்' என்று முடியும் பெயருடைய புத்தகங்கள் இருக்கின்றனவா என்று சிப்பந்தியைக் கேட்கிறாள். எழுதியவர் யார் என்று அவன் திருப்பிக் கேட்கிறான். நோயல் ஸ்ட்ரெட்ஃபீல்டு என்று காத்லீன் சொல்கிறாள். அவன் எழுதிக்கொள்ளத் தடுமாற, அப்பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லித் தருகிறாள். எந்தப் புத்தகத்தை முதலில் படிக்கலாம் என்று அந்தப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்லும்போது குரல் உடைந்து கண்ணீர் வந்துவிடுகிறது. மாடியிலிருந்து வந்த ஜோ சற்றுத் தள்ளி நின்று அதனைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.