கொலம்பியாவின் புல்வெளியும் நம் விடுதி அறைகளும்

ஏப்ரல் 14 வந்தால் நம் குடியிருப்புகளில் ஒட்டப்படும் சுவரொட்டிகளில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பெயரும் இடம்பெறும். நியூயார்க்கில் உள்ள அந்த வளாகத்தை நம்மில் பெரும்பாலோர் பார்த்ததில்லை. ஆனாலும் அது நமக்கு அந்நியமல்ல. 1913 முதல் 1916 வரை அண்ணல் அம்பேத்கர் அங்கே படித்தார். 'இந்தியாவில் சாதிகள்' என்ற ஆய்வுரையை 1916 மே மாதம் அங்கேதான் வாசித்தார். 1952இல் அப்பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. அந்த வளாகத்தில் மாணவர்களின் வாய் அடைக்கப்படும்போது, அதை யாரோ எவரோ பற்றிய செய்தி என்று நாம் கடந்துபோக முடியாது.

2024இல் அண்ணலின் பிறந்தநாள் முடிந்த மூன்றாம் நாள், ஏப்ரல் 17 அன்று, கொலம்பியா மாணவர்கள் புல்வெளியில் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். அதைத் தொடர்ந்த போரில் காசாவில் இறந்தோர் எண்ணிக்கை அப்போதே 33,000ஐக் கடந்துவிட்டதாகக் காசா சுகாதாரத் துறை கூறியது. இஸ்ரேலுடன் தொடர்புடைய நிறுவனங்களில் பல்கலைக்கழகம் போட்டிருக்கும் முதலீட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்பதுதான் மாணவர்களின் முதன்மைக் கோரிக்கை.

இந்தக் கோரிக்கைக்கு அங்கே முன்மாதிரி உண்டு. 1985இல் இதே கொலம்பியா மாணவர்கள் ஹாமில்டன் ஹால் கட்டடத்தின் வாசலை மறித்து, அதற்கு மண்டேலா பெயரைச் சூட்டி, தென்னாப்பிரிக்க நிறவெறி அரசோடு வணிகம் செய்யும் நிறுவனங்களிலிருந்து முதலீட்டை எடுக்கச் சொன்னார்கள். அவ்வாண்டே நிர்வாகம் இணங்கியது. 2024இல் பதில் வேறாக இருந்தது. மறுநாளே காவல்துறை வரவழைக்கப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். ஏப்ரல் 30 அதிகாலையில் மாணவர்கள் ஹாமில்டன் ஹாலுக்குள் புகுந்து, காசாவில் கொல்லப்பட்ட சிறுமி ஹிந்த் ரஜபின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அன்றிரவே காவல்துறை மீண்டும் நுழைந்தது.

ஒரே புல்வெளியில் உட்கார்ந்தவர்கள்தான். ஆனால் அடுத்த ஆண்டு அடி எங்கே விழுந்தது என்று பாருங்கள். 2025 மார்ச் 8 அன்று, போராட்டக்காரர்கள் சார்பில் நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை நடத்திய மஹ்மூத் கலீல் கைது செய்யப்பட்டார். சிரியாவில் பிறந்த பாலஸ்தீனர். அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர். அவர் மீது எந்தக் குற்ற வழக்கும் இல்லை. அவர் நாட்டில் இருப்பது வெளியுறவுக் கொள்கைக்குப் பாதகம் என்று வெளியுறவு அமைச்சர் கருதினார். அரசுக்கு அது போதுமானதாக இருந்தது. லூசியானாவில் 104 நாள் தடுப்புக் காவல். அதற்கிடையே அவருக்கு மகன் பிறந்தான். பக்கத்தில் இருக்க அவரை விடவில்லை. அதே மார்ச்சில், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் துருக்கி ஆய்வு மாணவி ருமேசா ஓஸ்துர்க்கை முகமூடி அணிந்த அதிகாரிகள் தெருவில் மறித்துப் பிடித்துச் சென்றார்கள். மாணவர் பத்திரிகையில் சகமாணவர்களோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியதைத் தவிர, அவருக்கு எதிராகக் காட்டத்தக்க செயல் எதுவும் வெளிவரவில்லை.

பேச்சுரிமை எல்லோருக்கும் ஒன்று என்று ஏட்டில் எழுதியிருக்கலாம். அதன் விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. சொந்த நாட்டு மாணவர் இடைநீக்கத்தோடு வீடு திரும்பலாம். விசாவை நம்பி வந்தவருக்கு நாடே கைவிட்டுப் போகிறது. நம் பிள்ளைகளுக்கு இது விளக்காமலே புரியும். விசா இருக்கும் இடத்தில் இங்கே உதவித்தொகையும் விடுதி அறையும் இருக்கின்றன. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவையும் மற்ற நான்கு பேரையும் விடுதியிலிருந்துதான் முதலில் வெளியேற்றினார்கள். 2016 ஜனவரி 17 அன்று ரோஹித்தை நாம் இழந்தோம்.

இங்கே ஒரு கேள்வியை நாம் தவிர்க்கக் கூடாது. போராட்டக் காலத்தில் யூத மாணவர்கள் அவமதிப்புக்கு உள்ளானார்கள் என்பதைக் கொலம்பியா அமைத்த குழுவே பதிவு செய்திருக்கிறது. சியோனிஸ்டுகள் வாழத் தகுதியற்றவர்கள் என்று பொருள்படப் பேசிய மாணவர் ஒருவர் வளாகத்துக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. அதைப் பேச்சுரிமை என்று நாம் வாதாட மாட்டோம். பிறப்பை வைத்து மனிதரை இழிவுபடுத்துவது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கையில் வைத்திருக்கும் மக்கள் நாம். எதை வேண்டுமானாலும் பேசலாம் என்பது நம் கட்சியல்ல.

ஆனால் அந்தச் சட்டத்தோடு வாழ்ந்தவர்கள் என்பதாலேயே கோடு எங்கே இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். ஒரு மக்களைப் பிறப்பால் இழிவுபடுத்துவது வேறு; ஓர் அரசின் செயலைக் கண்டிப்பது வேறு. கொலம்பியா புல்வெளியில் யூத மாணவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் பஸ்கா விருந்தைக் கூடாரங்களுக்கு நடுவிலேயே நடத்தினார்கள். யூத வெறுப்பைத் தடுக்கவில்லை என்று சொல்லித்தான் டிரம்ப் அரசு 2025 மார்ச்சில் கொலம்பியாவுக்கான 40 கோடி டாலர் நிதியை நிறுத்தியது. ஜூலையில் பல்கலைக்கழகம் 20 கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டது. வெறுப்பைத் தடுக்கும் ஏற்பாடு, விமர்சனத்தைத் தடுக்கும் பூட்டாக மாறியது.

இந்தப் பூட்டை நாம் சென்னையிலேயே பார்த்திருக்கிறோம். 2015இல் ஐஐடியின் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்துக்கு எதிராக டெல்லிக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. பிரதமர் மீதும் இந்துக்கள் மீதும் வெறுப்பைப் பரப்புகிறார்கள் என்பது புகார். அமைச்சகம் அதை ஐஐடிக்கு அனுப்பியது. வட்டத்தின் அங்கீகாரம் ரத்தானது. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அது திரும்பக் கிடைத்தது. சாதியைப் பற்றிப் பேசியவர்களே வெறுப்பாளர்கள் ஆக்கப்பட்டார்கள். அதற்கும் முன்னால், 1936இல், லாகூர் மாநாட்டுக்கு அழைக்கப்பட்ட அண்ணலின் உரையை முன்கூட்டியே படித்துப் பார்த்தவர்கள் திருத்தச் சொன்னார்கள். அவர் மறுத்தார், மாநாடே ரத்தானது. மேடை கிடைக்காத அந்த உரையைச் சொந்தச் செலவில் அச்சிட்டார். 'சாதி ஒழிப்பு' நூல் நமக்குக் கிடைத்தது அப்படித்தான்.

ஆகவே பாலஸ்தீனத்துக்காகப் பேசும் மாணவருக்காக நாம் பேசுவதில் நம் காரியமும் இருக்கிறது. நம் மாவட்டக் கல்லூரிகளிடம் நாம் கேட்பது பெரிதல்ல. ஒரு மாணவர் மீது நடவடிக்கை எடுப்பதற்கு முன் அவர் பேசியதில் எந்தச் சொல், எந்த விதியை மீறியது என்று எழுத்தில் கொடுங்கள். அவர் தரப்பைக் கேளுங்கள். மொட்டைக் கடிதத்தின் பேரில் நடவடிக்கை எடுக்காதீர்கள். விசாரணை முடியும்வரை உதவித்தொகையிலும் விடுதி அறையிலும் கை வைக்காதீர்கள். இந்த நான்கையும் எழுத்தில் உறுதி செய்யும் கல்லூரிகள், அடுத்த ஏப்ரல் 14 அன்று அண்ணலின் படத்துக்கு மாலை போடட்டும்.