போத்தலை நோக்கி நீண்ட கை



எருசலேம் நகரில் திருவிவிலியம் கற்ற காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, யூதக் குடும்பமொன்றின் ஓய்வுநாள் உணவுக்கு அழைக்கப்பட்டிருந்தேன். வீட்டுத் தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். என்னைத் தம் வலப்பக்கத்தில் அமர்த்தியிருந்தார். மேசையின் நடுவே கனதியான செந்நிறத் திராட்சை இரசப் போத்தலொன்று திறந்திருந்தது. உணவு நடந்துகொண்டிருக்கையில், என்னருகே அமர்ந்திருந்த மூதாட்டியின் கிண்ணம் வெறுமையாக இருக்கக் கண்டேன். நம்மூர் வழக்கப்படி, பெரியவர்களுக்கு ஊற்றிக் கொடுப்போமே என்ற எண்ணத்தில் போத்தலை நோக்கிக் கையை நீட்டினேன். என் விரல் படுமுன்னே ஆசிரியர் அதைத் தம் பக்கமாக எடுத்துக்கொண்டார். புன்னகையோடுதான் எடுத்தார். "பொறுத்துக்கொள்ளுங்கள், ஊற்றுவது என் பங்கு" என்றார். எதிரே இருந்த அவரின் பேர்த்தி தலையைக் குனிந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடயம் அதனால்தான் எனக்கு விளங்கிற்று.

அக்கணத்தில் உள்ளே ஏதோ சுட்டது. நாள்தோறும் திருக்கிண்ணத்தை ஏந்தும் கைகள் இவை. இவை தொட்டால் இரசம் தீட்டுப்பட்டுவிடுமோ? தமிழராகிய நமக்குத் தொடுகை பற்றிய விதிகள் புதியவையல்லவே. தேநீர்க்கடையில் வேறாக வைக்கப்பட்ட பேணிகளையும், முற்றத்தில் நிறுத்தித் தண்ணீர் வார்க்கப்பட்டவர்களையும் நம் பாட்டன்மார் கண்டார்கள். கண்டதோடு நில்லாமல் செய்தும் இருக்கிறார்கள். சிலுவை நட்ட கோவில்களுக்குள்ளும் அது நுழைந்திருந்தது என்பதை நாம் மறைக்க முடியாது. அந்தக் கசப்பெல்லாம் ஒரு நொடியில் என் தொண்டைக்கு வந்தது.

அவர் ஊற்றித் தந்த இரசத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகின்றேன். அது எருசலேமுக்கு மேற்கேயுள்ள யூதேய மலைச்சாரலில் விளைந்தது. அன்னை மரியா எலிசபெத்தைக் காண விரைந்து சென்ற மலைநாடு அதுவே என்று மரபு கூறுகின்றது. 'கபர்னே சோவின்யோன்' என்னும் கருந்திராட்சை. பழத்தின் சாறு கறுப்பல்ல. பிழிந்தவுடன் அது வெளிறியே இருக்கும். தோலையும் சாற்றையும் பல நாட்கள் ஒன்றாக நொதிக்க விடும்போதே நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து இறங்குகின்றன. பின்னர் ஓக் மரப் பீப்பாய்களில் மாதக்கணக்கில் உறங்கிக் கனதி பெறுகின்றது. கடும் சாயமுள்ள வெறுந்தேநீரைப் பருகும்போது நாவின் இருபுறமும் இறுகுமல்லவா, அதே இறுக்கம். அதன் பின்னால் நாவற்பழத்தை நினைவூட்டும் கருமையான சுவை. கொழுப்புள்ள ஆட்டிறைச்சியோடு உண்ணும்போது அத்துவர்ப்பு இளகி, இறைச்சியும் இரசமும் ஒன்றையொன்று மென்மையாக்கின. மிகக் குளிரவைத்தால் இத்தகைய இரசம் வாய் மூடிக்கொள்ளும். நம் நாட்டு வெப்பத்தில் திறந்தபடியே வைத்தாலோ சாராய நெடியே முந்தி வரும். பதினாறு, பதினெட்டுப் பாகை செல்சியஸ் அதற்கு ஏற்றது என்பர். நான் வாய் நிறையப் பருகவில்லை. ஆயினும் நெடுநேரம் அது என் நாவில் நின்றது.

'கோஷர்' இரசம் என்றதும் சர்க்கரைப் பாகு போன்ற இனிப்பையே பலர் நினைப்பர். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் குடியேறிய யூதர், அங்கு எளிதாக விளைந்த 'கொன்கோர்ட்' திராட்சையில் சீனி சேர்த்து இரசம் செய்ததால் வந்த பெயர் அது. சட்டத்துக்கும் இனிப்புக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கோஷர் என்றால் 'தகுந்தது' என்பதே பொருள். எது தகுந்தது என்பதை அவர்களின் மரபு கொடியை நடும் நாளிலிருந்தே எண்ணத் தொடங்குகின்றது. லேவியர் நூல் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். நட்ட முதல் மூன்று ஆண்டுகளின் கனியைத் தொடலாகாது. நான்காம் ஆண்டின் கனி ஆண்டவருக்குரியது. அதே அதிகாரத்தில், உதிர்ந்த பழங்களை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்ற கட்டளையும் உண்டு. ஏழாம் ஆண்டு நிலத்துக்கே ஓய்வு. கோவில் அழிந்து ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகள் கடந்த பின்னும், அன்று செலுத்திய பத்திலொரு பங்கின் நினைவாக, இஸ்ரயேலின் கோஷர் இரசசாலைகளில் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்று மேலான இரசத்தை எடுத்து வெளியே ஊற்றிவிடுகின்றார்கள். விற்றால் பணமாகும் பொருள், மண்ணுக்குப் போகின்றது.

இவற்றையெல்லாம் நாம் எளிதில் மெச்சலாம். கடினமானது அடுத்த விதி. பழம் நசுக்கப்படும் நேரம் முதல் போத்தல் அடைக்கப்படும் வரை, ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கும் யூதரின் கைகளே இரசத்தைத் தொட வேண்டும். திறந்த போத்தலுக்கும் அதுவே விதி. பிறர் எடுத்து ஊற்றினால் அவர்கள் அதைப் பருகமாட்டார்கள். உணவு முடிந்தபின் ஆசிரியர் இதை எனக்கு ஒளிவுமறைவின்றி விளக்கினார். 'அவோதா சாரா' என்னும் தல்மூத் பகுதியில் இது விரிவாகப் பேசப்படுகின்றது. காரணங்கள் இரண்டு. பண்டைய உலகில் இரசம் சிலைகளின் முன் படையலாக ஊற்றப்பட்டது. அவ்வாறு நேர்ந்துவிட்ட இரசத்தோடு எவ்விதத் தொடர்பும் கூடாது என்பது முதலாவது. சேர்ந்து குடித்தால் உறவு நெருங்கும், நெருங்கினால் திருமண உறவும் வரும், ஈற்றில் சிறிய இனம் பெரிய இனங்களுக்குள் கரைந்து போகும் என்பது இரண்டாவது.

முதற்காரணம் நம்மைச் சாராது என்று அவரிடமே சொன்னேன், அவர் மறுக்கவில்லை. இரண்டாம் காரணத்தைக் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. கரைந்துபோவோம் என்ற அச்சம் எண்ணிக்கையில் சிறுத்த மக்களுக்கு எத்தகையது என்று ஈழத் தமிழனுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் சொன்ன இன்னொன்று என் கோபத்தைப் பாதியாகக் குறைத்தது. பல இரசசாலைகளில் இரசம் செய்யும் வல்லுநரே ஓய்வுநாளைக் கடைப்பிடியாத யூதராக இருப்பதுண்டாம். அவர் தாம் ஆக்கிய இரசத்தின் பீப்பாயைத் தாமே திறக்க முடியாது. சுவை பார்க்க வேண்டுமாயின் பக்தியுள்ள தொழிலாளி ஒருவர் எடுத்துத் தர வேண்டும். ஆக, இவ்விதி பிறப்பை மட்டும் பார்த்து வகுக்கப்பட்டதன்று. அன்றியும் அந்த மேசையில் நடந்ததை நான் மீண்டும் எண்ணிப் பார்த்தேன். நான் பருகிய கிண்ணம் மற்றவர்களின் கிண்ணங்களோடு சேர்த்தே கழுவப்பட்டது. இரசம் முதலில் எனக்கே ஊற்றப்பட்டது. விதி போத்தலின் மேல் இருந்தது; என் மேல் இருக்கவில்லை. நம் ஊர்களில் வேறாக வைக்கப்பட்ட பேணியோ மனிதனையே குறித்தது. தூய்மையைக் காக்கும் வேலியும் மனிதனை இழிவாக்கும் வேலியும் தூரத்திலிருந்து ஒன்றுபோலவே தோன்றும். பக்கத்தில் சென்று, பயன்படுத்திய கிண்ணத்தை என்ன செய்கின்றார்கள் என்று பார்த்தால்தான் தெரியும். இருப்பினும் அந்தச் சூடு முழுவதும் ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன். இரண்டுமே உண்மை.

நாமும் வேலியில்லாதவர்கள் அல்லர். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924ஆம் இலக்கம், திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்து வந்த இயற்கையானதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்கின்றது. பெத்லகேமுக்கு அருகே கிரெமிசானில் சலேசியத் துறவியர் 1885ஆம் ஆண்டு முதல் இரசம் செய்து வருவதும் இத்தேவையை ஒட்டியே தொடங்கிற்று. காணிக்கை வேளையில் குரு இரசத்தை ஏந்திச் சொல்லும் செபம், யூதர் இரசத்தின் மேல் சொல்லும் ஆசியுரையின் அமைப்பைப் பெரிதும் ஒத்தது. இரு செபங்களும் இரசத்தைப் புகழாமல், கொடியின் கனியைத் தந்த இறைவனையே புகழ்கின்றன.

அன்று மாலை அந்த ஆசியுரையை ஆசிரியர் நின்றபடி சொன்னார். வெள்ளிக் கிண்ணம் விளிம்புவரை நிறைந்திருந்தது. மேசைமேல் இரண்டு அப்பங்கள் பூவேலைத் துணியால் மூடப்பட்டிருந்தன. ஏன் மூடினார்கள் என்று கேட்டேன். வழக்கமாக அப்பத்துக்கே முதல் ஆசி; ஓய்வுநாள் இரவில் மட்டும் இரசம் முந்திக்கொள்கின்றது. அதைக் கண்டு அப்பம் வெட்கப்படலாகாது என்பதற்காக அதை மூடுகின்றோம் என்றாள் அந்தப் பேர்த்தி. உயிரற்ற அப்பத்தின் முகத்தையும் காக்கும் மக்கள்! அச்சொல்லை அவ்வேளையில் புன்னகையோடு கேட்டேன். போத்தல் விலகிய பின்னரே அது என்னை வருத்தத் தொடங்கியது.

இரசத்தை இவ்வளவு நேரம் புகழ்ந்து எழுதுவதைக் கண்டு, மாலையானால் தவறணையிலிருந்து வரும் காலடியோசைக்கு அஞ்சும் சகோதரிகள் என்னைக் கோபிக்கலாம். அது நியாயமான கோபம். அந்த மேசையின் அளவைச் சொன்னால் ஒருவேளை தணிவீர்கள். ஆசிக் கிண்ணத்துக்கு அவர்களின் சட்டம் கேட்கும் அளவு, பலர் பின்பற்றும் கணக்கின்படி 86 மில்லி லீற்றர். அதில் பெரும்பகுதியைப் பருகினால் போதும். அன்று ஏழு பேருக்கு ஒரு போத்தலே திறக்கப்பட்டது. எவரும் தனியே குடிக்கவில்லை, ஆசியின்றிக் குடிக்கவில்லை, உணவின்றிக் குடிக்கவில்லை. பாஸ்கா இரவில் நான்கு கிண்ணம் கடமையாயினும், இயலாதவர் திராட்சைச் சாறு பருகலாம் என்கின்றார்கள் ரபிமார். நம் திருச்சபையும் மதுவால் துன்புறும் குருவுக்கு, ஆயரின் அனுமதியோடு, நொதித்தல் தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்ட சாற்றை அனுமதிக்கின்றது. மது ஒருவரை அடிமைப்படுத்திய வீட்டில் நத்தார் விருந்துக்கும் போத்தல் வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. புனித பவுல் உரோமையருக்கு எழுதிய மடலின் 14ஆம் அதிகாரம் இதைத்தான் கேட்கின்றது.

அப்பாஸ்கா இரவில் இன்னொரு வழக்கமும் உண்டு. எகிப்தின் பத்து வாதைகளையும் எண்ணும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி இரசத்தைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். எதிரி துன்புற்றதால் நம் மகிழ்ச்சியின் கிண்ணம் குறைய வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். அந்த மண்ணில் 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் பின் நிகழ்ந்தவற்றை அறிந்த நாம், அத்துளிகளை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

சில மாதங்களின் பின் மீண்டும் அவ்வீட்டுக்கு அழைக்கப்பட்டேன். ஆசிக் கிண்ணத்தை ஆசிரியர் முன்போலத் தாமே நிறைத்தார். உணவு வந்ததும் வேறொரு போத்தலைக் கொண்டுவந்து என் முன்னே வைத்தார். 'மெவுஷால்' என்று அதன் சீட்டில் எழுதியிருந்தது. சூடாக்கப்பட்டது என்று பொருள். காய்ச்சிய இரசம் பலிபீடத்தில் ஊற்றத் தகாதது எனப் பழங்காலத்தவர் கருதியதால், தடை அதைத் தொடர்வதில்லை. இக்காலத்தில் ஏறக்குறைய 85 பாகை செல்சியஸ் வரை சில நொடிகள் சூடேற்றி உடனே குளிர்விக்கின்றார்கள். அத்தகைய போத்தலை எவரும் திறக்கலாம், எவரும் ஊற்றலாம். அன்றைய இரசம் முன்னையதற்கு ஈடாகவில்லை. கனதி குறைவு, பழத்தின் நறுமணம் சற்றே வெந்த பழத்தின் மணமாகியிருந்தது. நல்ல இரசத்தை விரும்பும் அவருக்கு அது தெரியாமலிராது. "இன்று ஊற்றுவது உங்கள் பங்கு" என்றார்.

எழுந்து மூதாட்டியின் கிண்ணத்தில் முதலில் ஊற்றினேன். கை சற்று நடுங்கியதால் வெண்விரிப்பில் ஒரு துளி சிந்திற்று. பேர்த்தி அதன்மேல் உப்பைத் தூவினாள்.