இரவல் காணியில் மாங்கன்று நடலாமா?

"இன்றோ நாளையோ ஊருக்குப் போய்விடுவோம், பிறர் காணியில் பழமரம் எதற்கு?" என்று இடம்பெயர்ந்த எம் மக்கள் கேட்பது நியாயமே. ஆயினும் 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களுள் சில இன்றும் தம் காணியை மிதிக்கவில்லை. ஒட்டு மாங்கன்றோ மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். கணக்கை நீங்களே பாருங்கள்.

இங்கே மரம் நட்டால் ஊர்க் காணியைக் கைவிட்டதாகிவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அது வீண் அச்சம். உறுதியைப் பத்திரமாக வைத்திருங்கள். நீங்கள் இங்கு நடும் கன்று அதை மாற்றாது. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டோருக்கு இறைவாக்கினர் எரேமியா எழுதிய மடலும் (29ஆம் அதிகாரம்) தோட்டம் வைத்து அதன் கனியை உண்ணவே சொன்னது. ஊர் திரும்பும் நம்பிக்கையையும் அதே மடல்தான் தந்தது.

உண்மையான சிக்கல் காணிக்காரருடன்தான். மரத்தை வைத்து உரிமை கோருவார்களோ என்ற அவருடைய பயமும் காரணமற்றதல்ல. ஆகவே, இருக்கும்வரை பழத்தில் பாதி அவருக்கு, போகும்போது மரம் முழுவதும் அவருக்கு என்று கிராம சேவையாளர் முன்னிலையில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் இணங்காவிட்டால், அடியில் துளையிட்ட பழைய வாளியில் தேசியோ மாதுளையோ வையுங்கள்.

கன்றுகள் சாவது நடும்போதல்ல, முதலாவது கோடையில்தான். எத்தனை கன்று கொடுத்தோம் என்று எண்ணும் நிறுவனங்கள், அடுத்த ஆவணியில் எத்தனை உயிரோடிருக்கின்றன என்று எண்ணுவதில்லை; திருச்சபை நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. நூறு கன்றைவிட, வேலியும் தண்ணீரும் உள்ள இருபது கன்று மேல்.

ஐப்பசி மழையோடு நடுங்கள். மூன்றடிக் கிடங்கில் மேல்மண்ணும் உக்கிய மாட்டெருவும் கலந்து நிரப்புங்கள். ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்கவேண்டும். ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை உடனே கிள்ளிவிடுங்கள், விட்டால் அதுவே மரமாகிவிடும். அடியில் சிறு துளையிட்டுத் துணித்திரி செருகிய மண்முட்டியைக் கன்றருகே புதைத்து நீர் நிரப்பினால், குறைந்த தண்ணீரோடு கோடை தாண்டும். சுற்றிவரச் சருகு போடுங்கள், தண்டில் முட்டவேண்டாம். முதல் இரண்டு வருடப் பூவைக் கிள்ளிவிடவேண்டும், மனம் வராதுதான்.

காய்க்கத் தொடங்கியபின் பழ ஈதான் பெரிய எதிரி. விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதையுங்கள்.

ஊர் திரும்பும் நாளில் மரத்தைப் பிடுங்கத் தேவையில்லை. நல்ல கறுத்தக் கொழும்பானின் முற்றிய நுனிக் கிளைகளை வெட்டி, இலை கழித்து, ஈரத்துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். சில நாட்கள் தாங்கும். அவற்றை ஒட்டுவதற்கான விதைக்கன்றுகளைப் பைகளில் இப்போதே வளர்க்கத் தொடங்கலாம். மாங்கொட்டையை மட்டும் காயவிடாமல் உடனே ஊன்றிவிடவேண்டும்.