விசிறி இரைகிறதென்று கணினியை எறிவதா?



விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் மடிக்கணினிகள் தோ பாயோ அடுக்குமாடி வீடுகளிலும் உண்டு. சிலர் துணிந்து அவற்றில் உபுண்டுவோ லினக்ஸ் மிண்டோ நிறுவுகின்றனர். பிறகு விசிறி ஓயாமல் இரைந்தால் உடனே தீர்ப்பு வந்துவிடுகிறது: "லினக்ஸுக்கு விசிறியை அடக்கத் தெரியாது. புதிது வாங்குங்கள்."

இத்தீர்ப்பை நான் ஏற்கவில்லை. பெரும்பாலான மடிக்கணினிகளில் விசிறியை ஆள்வது இயங்குதளம் அன்று. தாய்ப்பலகையிலுள்ள சிறு கட்டுப்பாட்டுச் சில்லு, தயாரிப்பாளர் எழுதிவைத்தபடி, சூட்டுக்கேற்ப அதைச் சுழற்றுகிறது. அச்சில்லோடு பேசும் முறையைப் பல நிறுவனங்கள் வெளியிடுவதேயில்லை. வீட்டைப் பூட்டிச் சாவியையும் ஒளித்துவிட்டு, விருந்தாளிக்கு உள்ளே வரத் தெரியவில்லை என்று ஏசலாமா?

மறுகோடியில் இன்னொரு கூட்டம். எங்கோ கண்ட கட்டளையை ஒட்டி, விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு, "சரியாகிவிட்டது" என்பார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளையின் அழுகையை நிறுத்த வாயைப் பொத்துவார் உண்டா? இரைச்சல் குற்றமன்று, செய்தி. முதலில் அதைப் படியுங்கள்.

முனையத்தில் 'டாப்' என்று தட்டினால் நுண்செயலியை எந்த நிரல் தின்கிறது என்பது தெரியும். பெரும்பாலும் விளம்பரம் நிறைந்த ஏதோ ஓர் இணையப் பக்கமாக இருக்கும்! அடுத்து எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பை நிறுவி, 'சென்சார்ஸ்-டிடெக்ட்' ஓட்டி, 'சென்சார்ஸ்' கட்டளையைத் தாருங்கள். சூடு பாகைக் கணக்கில் வரும். பல கணினிகளில் விசிறியின் சுழற்சியும் வரும். எந்த நிரலும் ஓடாதபோதே சூடு 80 பாகையைத் தொட்டால், பெரும்பாலும் தூசி அடைத்திருக்கும், அல்லது வெப்பப் பசை காய்ந்திருக்கும். ஆண்டு முழுதும் சன்னல் திறந்திருக்கும் நம் வீடுகளில் தூசிக்குப் பஞ்சமில்லை. அதைத் துடைக்கப் புதுக் கணினி வேண்டாம்.

சூடு இல்லாமலே இரைந்தால்தான் வேகக் கட்டுப்பாட்டில் கை வைக்க வேண்டும். மேசைக் கணினியில் 'பிடபிள்யூஎம்கான்ஃபிக்' ஒவ்வொரு விசிறியையும் சில நொடி நிறுத்திப் பார்த்து, 0 முதல் 255 வரையிலான அளவுகளில் அமைப்பை எழுதும்; 'ஃபேன்கன்ட்ரோல்' அதன்படி நடத்தும். கணினியை மறுபடி தொடக்கும்போது உணரிகளின் எண் மாறிவிட்டால் அது ஓட மறுக்கும். பழுதன்று, முன்னெச்சரிக்கை, முந்தைய கட்டளையை மீண்டும் ஓட்டினால் போதும். மடிக்கணினி பலவற்றில் இவ்வழி திறக்காது. திங்க்பேடில் திறக்கும், ஆயினும் பாதுகாப்புக் கருதி அக்கட்டுப்பாடு இயல்பாக முடக்கப்பட்டே வருகிறது. அந்த எச்சரிக்கையை மதியுங்கள்.

"தமிழாசிரியருக்கு இது எதற்கு?" என்பாருக்கு ஒரு பெயர் சொல்கிறேன். தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராயிருந்த நா. கோவிந்தசாமி 1990களில் கணியன் என்னும் தமிழ் மென்பொருளை ஆக்கினார். அவர் அன்று பொறியாளர் வரட்டுமெனக் காத்திருந்தாரா?

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். அதில், ஒரு தூரிகையால் பிழைத்திருக்கக்கூடிய கணினியும் சேர வேண்டுமா?

மின்கலம் உப்பியிருந்தால் மட்டும் என்னோடு வாதிடாதீர்கள். உடனே அணைத்து, பழுது பார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள்.