கருப்பை என்னும் பிழைச்சொல்

பெங்களூரு மத்தியக் கல்லூரியில் பயின்று, ஆர்க்கிட் தாவரங்களின் கருவியலில் பெயர் பெற்றவர் பி.ஜி.எல். சுவாமி. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகவும் முதல்வராகவும் விளங்கினார். ‘ஹசுரு ஹொன்னு’ என்னும் கன்னட நூலுக்காக 1978இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவரும் அவரே. சூலுக்குள் அவர் நுண்ணோக்கி வழியாக ஆராய்ந்த நுண்ணுடலைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘கருப்பை’ என்கின்றன. இந்தப் பெயர் மாணவரைத் திசைதிருப்புகிறது.

கருப்பை என்றதும் தாயின் உறுப்பே நினைவுக்கு வரும். சூலுக்குள் இருப்பதோ உறுப்பன்று, தனியொரு தலைமுறை. குன்றல் பகுப்பில் தோன்றிய ஒற்றைமடியப் பெருவித்து வளர்ந்து, பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் ஏழு செல்களும் எட்டு உட்கருக்களும் கொண்ட உடலாகிறது. அதுவே பெண் கேமீட்டகத் தாவரம். இரண்டு அல்லது மூன்று செல்கள் மட்டுமே கொண்ட மகரந்தத் துகள் அதன் ஆண் இணை.

மாஸ், பெரணி, ஊசியிலை மரம் ஆகியவற்றின் வாழ்க்கைச் சுழற்சி ஒரே அமைப்பினது என்று ஹாஃப்மைஸ்டர் 1851இலேயே காட்டிவிட்டார். ஈரச்சுவரில் பசுமையாகப் படரும் மாஸ் கேமீட்டகத் தாவரம். அதன்மேல் நிற்கும் காம்பும் வித்துறையும் அடுத்த தலைமுறை. பெரணியில் இரண்டும் தனித்தனியே வாழ்கின்றன. பூவில் கேமீட்டகத் தாவரம் சுருங்கி, மற்றதன் உடலுக்குள் ஒடுங்கிவிட்டது. ஒடுங்கியதால் அது உறுப்பாகிவிடுமா?

ஆகாது என்பதற்குச் சான்று இந்தியாவிலேயே உண்டு. 1964இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஷ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பைகளை வளர்ப்பூடகத்தில் இட்டனர். மகரந்தத் துகள்களிலிருந்து கருக்கள் முளைத்தன. ஒற்றைமடியப் பயிர்களை உருவாக்கும் முறை அதிலிருந்தே கிளைத்தது. மகரந்தத்தை வெறும் ‘ஆண் பொடி’ என்று கற்ற மாணவருக்கு இது மாயவித்தையாகத் தோன்றும். தலைமுறையாகக் கற்றவருக்கு வியப்பினூடே விளக்கமும் கிட்டும்.

பிழை தமிழில் பிறந்ததன்று. ஆங்கிலமும் அதைப் ‘பை’ என்றே அழைக்கிறது. மொழிபெயர்ப்பு அதைச் சுமந்து வந்ததோடு மனித உடற்கூற்றுச் சொல்லையும் அதன்மேல் ஏற்றியது. ‘சந்ததி மாற்றம்’ என்பதும் அரைகுறையே. ஒன்று மற்றொன்றாக மாறி முடிவதில்லை; இரண்டும் முறைவைத்து வருகின்றன. ‘தலைமுறை முறைமாற்று’ என்றால் அது விளங்கும்.

தேர்வுக்குப் பழகிய சொற்களே எளியவை என்பர். மாஸ் பாடத்தில் கேமீட்டகத் தாவரம், பூப் பாடத்தில் கருப்பை என ஒன்றையே இருபெயரால் மனப்பாடம் செய்ய வைப்பது எளிமையன்று. பூப் பாடமும் ‘பெண் கேமீட்டகத் தாவரம்’ என்றே தொடங்கட்டும். கருப்பை என்பது பழைய பெயராக அடிக்குறிப்பில் நிற்கட்டும்.